சனிக்கிழமைக்கு வீடு கிடைக்கவில்லை

யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு, நான் திருச்சியில் இண்டர்மீடியட் சேர்ந்தபோது நடந்தது இது. என் ஊர் உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அங்கே சின்னதாக ஒரு பெருமாள் கோயிலில் பூஜை செய்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் என்று அளப்பார்கள். அதுபோகத் தட்டில் சில்லறை விழும். விழும் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். புரட்டாசி மாதத்தைத் தவிர மற்ற மாதங்களில் தட்டில் துளசிதான் கிடக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கிவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று. துறையூரில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுத ஆள் கேட்டிருந்தார்கள். மார்க் குறைந்திருந்தால் மறுபேச்சில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் எங்கள் ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, காலேஜில் இந்த மார்க்குக்குப் பாதிச் சம்பளம் தள்ளிக் கொடுப்பார்கள், பையனைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கல்லூரிக் கட்டணத்தை அப்போது நாங்கள் சம்பளம் என்றுதான் சொல்வோம். மண்டிக்காரரோ, ஆனி மாதத்துக்குள் பதில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றார். அப்பா இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஆனி மாதத்து வெயிலில் நானும் அப்பாவும் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்தோம். ஹெட்மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. பாதிச் சம்பளம் உண்மையாகவே தள்ளுபடி ஆயிற்று. அப்பா முகத்தில் வந்த சந்தோஷம், ஆபீஸ் குமாஸ்தா வாயைத் திறக்கிற வரைக்கும்தான் நின்றது.

"சாமி, சம்பளத்துலதான் பாதிங்க. லைப்ரரி, லாபரட்டரி, விளையாட்டு, பரீட்சைப் பணம் இதெல்லாம் முழுசா கட்டணுங்க. அப்புறம் தம்பிக்குக் கோட் வேணும். கோட் இல்லாம கிளாசுக்குள்ள விட மாட்டாங்க."

அவர் நல்ல மனுஷர்தான். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, தள்ளிக் கொடுத்த பாதி ஒவ்வொரு கதவு வழியாகவும் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. விளையாட்டுக்குப் பணம் எதற்கு, என் பையன் விளையாட மாட்டானே என்று அப்பா கேட்டுப் பார்த்தார். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வாய் வறண்டிருந்தது.

வெளியே வந்து ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். அப்பாவுக்குக் காகிதமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, ஜபம் எண்ணுகிற மாதிரியே கணக்குப் போடுவார். சம்பளத்துக்கும் மற்றக் கட்டணங்களுக்கும் அம்மாவின் வளையல் துறையூர் மார்வாடியிடம் போகும். கோட்டுக்கு மாமாவின் பழைய கோட்டைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்குத் தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடை இருக்கிறது. படுக்க ஸ்ரீரங்கத்தில் என் சித்தப்பா வீட்டு மாடிப்படிக்குக் கீழே இடம் உண்டு. அங்கிருந்து காலேஜுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்துவிடலாம். நடைக்குக் காசில்லை. எல்லாம் எப்படியோ அடங்கி வந்தது, சாப்பாடு ஒன்றைத் தவிர. ஹாஸ்டல் சாப்பாட்டுச் செலவு சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. சித்தப்பா வீட்டிலோ ஆறு குழந்தைகள்.

"வாரச் சாப்பாடு ஏற்பாடு பண்ணிடலாம்," என்றார் அப்பா.

இப்போதுள்ளவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஏழைப் பையன்கள் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பிட்டுப் படிப்பார்கள். திங்கட்கிழமை ஒருவர் வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. அந்தந்த வீட்டுக்கு அது புண்ணியம், பையனுக்கு அது படிப்பு. ஸ்ரீரங்கத்தில் அப்படிப் படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் ஏழு வீட்டைப் பிடிப்பது லேசில்லை. நல்ல வீடுகளுக்கெல்லாம் ஏற்கெனவே பையன்கள் இருந்தார்கள்.

இரண்டு நாள் அலைந்தோம். சித்திரை வீதியில் ஆரம்பித்து உத்தர வீதிகளைச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அப்பா அதே வார்த்தைகளைச் சொன்னார். முதல் வீட்டில் என் மார்க்கைச் சொன்னபோது குரலில் இருந்த பெருமை, பத்தாவது வீட்டில் தேய்ந்து போய்விட்டது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டார். ஒரு வக்கீல் திங்கட்கிழமையைக் கொடுத்தார். புதன்கிழமை, கீழ உத்தர வீதியில் ரிடையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வீடு. அந்த வீட்டு மாமி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நன்னா சாப்பிடுவியோன்னோ? கொறிக்கிறவாளைக் கண்டா எனக்கு ஆகாது," என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டாள். வியாழக்கிழமை வீட்டில் அவர்கள் பையனுக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டும் என்று பேச்சு. இப்படியாக ஆறு வீடு தேறியது.

ஏழாவது வீடும் கிடைத்துத்தான் இருக்க வேண்டும். பெரிய வீடு, கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. சனிக்கிழமைக்குச் சரி என்று சொல்ல வாயெடுத்த பெரியவர், எங்கள் நெற்றியைப் பார்த்தார். அவர்களுடைய நாமம் தென்கலை, எங்களுடையது வடகலை. அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. தீர்த்தம் கொடுத்து, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். காவிரியில் புதுத் தண்ணீர் இன்னும் வரவில்லை, மணல்தான் தெரிந்தது. எனக்குக் கால் கடுத்தது. போதும், மண்டிக்கே போய்விடலாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. அப்பா விரல் கணுக்களில் கிழமைகளை எண்ணினார். எண்ணி வந்து சனியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஹோட்டலில் சாப்பிட்டால் மாதத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு ரூபாய் பெரிய பணமா என்று கேட்காதீர்கள். அந்த ரூபாய் எங்களிடம் இல்லை.

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். நீ அன்னிக்கு உபவாசம் இருந்துடு. வேண்டிண்டதா இருக்கட்டும்."

"சரிப்பா," என்றேன்.

அவ்வளவுதான். கணக்கு நேராகிவிட்டது. அப்பா எழுந்து வேஷ்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். சித்தப்பா வீட்டுக்குப் போனதும், "இவன் சனிக்கிழமை சனிக்கிழமை உபவாசம், சின்னதுலேர்ந்தே வழக்கம்," என்று ஒரு பொய்யைச் சொன்னார். சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், ஆறு குழந்தைகள். மறுநாள் அப்பா ஊருக்குப் போய் மண்டிக்காரரிடம் பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

முதல் சனிக்கிழமை அவ்வளவு கஷ்டமாக இல்லை. வீம்பு இருந்தது. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் அது போய்விட்டது. சனிக்கிழமை காலையிலும் எங்களுக்கு வகுப்பு உண்டு. வெறும் வயிற்றோடு பாலத்தைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி வருவேன். வீட்டில் இருந்தால் சமையல் வாசனை வரும் என்று கோயிலுக்குள் போய் மண்டபத்தில் படுத்துக்கொள்வேன். கோயிலில் பிரசாதம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். காசு கொடுத்தால் கிடைக்கும். சும்மா கிடைக்கிற கொஞ்சத்துக்குக் கை நீட்டலாம் என்றால், நாலு பேர் பார்ப்பார்கள், நான்தான் உபவாசக்காரன் ஆயிற்றே. கருங்கல் குளிர்ச்சியாக இருக்கும். தூங்கவும் வராது, படிக்கவும் ஓடாது. பதினாறு பதினேழு வயதில் அப்படி ஓர் அலுப்பு வரக்கூடாது. எனக்கு வந்தது.

இதற்கு நடுவில் என் பக்தி வேறு ஊரில் பரவிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு வைராக்கியமா என்று வியாழக்கிழமை வீட்டுத் தாத்தா நாலு பேர் எதிரில் என்னைக் காட்டிச் சொல்வார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருக்கும். ஒரு புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போஸ்ட்மாஸ்டர் மாமி சொன்னாள்:

"சனிக்கிழமை எங்காத்துல சாப்பிட்டுண்டிருந்த பையனுக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சுடுத்து. இலை காலியா இருக்கு. உன்னைக் கூப்பிடலாம்னு பார்த்தேன். நீயோ விரதக்காரன்."

வாயில் கவளம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? எங்கப்பா பொய் சொன்னார் என்றா? பெருமாள் பேரில் சொன்ன பொய் என்றா? தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு, "ஆமாம் மாமி," என்றேன். அன்று ராத்திரி மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு ஏகாதசி வெள்ளிக்கிழமையில் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி அன்று எந்த வீட்டிலும் அடுப்பில் அரிசி ஏறாது. என் வெள்ளிக்கிழமை வீட்டார் இன்னும் கெடுபிடி, துளசி தீர்த்தம் மட்டும்தான். சரி, ஊரே பட்டினி, நானும் பட்டினி என்று இருந்துவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை. ஆவணி அவிட்டத்தை ஒட்டி காலேஜ் லீவு. விடியற்காலையில் கொள்ளிடத்தில் குளித்துவிட்டு வரும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழ உத்தர வீதிக்கு வந்துவிட்டேன். மாமி வாசலில் நின்று யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"நல்ல வேளை வந்தே. பாரணைக்கு ஒரு பிரம்மசாரியை உட்கார வைக்கணும்னு மாமா சொன்னார். வா, இலை போட்டாச்சு."

எனக்கு வாயில் வந்தது பழக்க தோஷம். "இன்னிக்குச் சனிக்கிழமை மாமி. உபவாசம்."

மாமி என்னையே பார்த்தாள். "நேத்திக்கு என்ன?"

"ஏகாதசி."

"அப்போ இன்னிக்கு?"

ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி. ஏகாதசி பட்டினி கிடந்தவன் துவாதசி காலையில் சாப்பிட்டே ஆக வேண்டும். அதற்குத்தான் பாரணை என்று பெயர். சாப்பிடாவிட்டால் முதல் நாள் பட்டினியும் வீண். எந்தக் கிழமையில் வந்தாலும் அதுதான் முறை. நிஜமாக விரதம் இருக்கிற எவனும் துவாதசி அன்று உபவாசம் என்று சொல்ல மாட்டான். கோயிலில் பூஜை செய்கிறவர் பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை. அன்று அம்மா மண்டபத்தில் கிழமைகளை எண்ணிய அவசரத்தில் திதிகளை அப்பா எண்ணவில்லை. நானும் பசி மயக்கத்தில் எண்ணவில்லை. பொய் வெளுத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கும் தெரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

திட்டப் போகிறாள், மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஆறு வீட்டுச் சாப்பாடும் போச்சு, படிப்பும் போச்சு, மண்டியும் போச்சு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளே வா," என்றாள் மாமி. குரல் தணிந்திருந்தது. "துவாதசியை விட்டா ஏகாதசி பலன் போயிடும். கை காலை அலம்பிண்டு உட்காரு."

அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் என்று துவாதசிக்கு உரிய எல்லாம் இருந்தன. மாமி சாதத்தைப் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். மாமா ஒன்றும் கவனிக்காமல் சாப்பிட்டார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, இலையில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மாமி குனிந்து மோர் விடுகிற சாக்கில், எனக்கு மட்டும் கேட்கும்படி, "பாரணைக்கு உட்கார்ந்து அழப்படாது," என்றாள்.

சாப்பிட்டு எழுந்ததும் மாமா காதிலும் விழும்படியாக உரக்கச் சொன்னாள்: "அடுத்த வாரத்திலேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்துடு. உபவாசம்னா வயத்தைக் காயப் போடணும்னு இல்லை. சாதம்தான் கூடாது, பலகாரம் உண்டு. விரதக்காராளுக்குப் பலகாரம் பண்ணிப் போடறது எனக்கும் புண்ணியம்."

அதற்குப் பிறகு ஏன், எதற்கு என்று அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உப்புமா போடுவாள், சில நாள் அடை, சில நாள் கோதுமை தோசை. தெருவில் யாராவது என் விரதத்தைப் பற்றிப் பேசினால், ஆமாம், எங்காத்தில்தான் பலகாரம் பண்ணிக்கிறான் என்று அவளும் சேர்ந்து பெருமை அடித்துக்கொள்வாள்.

இதை நான் அப்பாவுக்கு எழுதவில்லை. கார்டு வாங்கக் காசில்லாதது ஒரு காரணம். தான் சொன்ன பொய் மாமிக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் அவர் மனசு கஷ்டப்படுவாரோ என்பது இன்னொரு காரணம்.

தசரா லீவுக்கு ஊருக்குப் போனேன். பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா ஒரே ஓர் இலை போட்டாள். அப்பா சாப்பிடவில்லையா என்று கேட்டேன். சனிக்கிழமை ஆச்சே என்றாள். நானே சமாதானம் செய்துகொண்டு, புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயில், அதனால் இருப்பார் என்றேன். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புரட்டாசியா? ஆனியிலேர்ந்து இப்படித்தான். உன்னைக் கொண்டுவிட்டுட்டு வந்தாரே, அந்த வாரத்திலேர்ந்து. குழந்தை அங்கே பட்டினியா இருக்கறச்சே எனக்கு இறங்குமான்னுட்டார். ஆவணியில ஒரு துவாதசி சனிக்கிழமையில வந்துது பாரு, அன்னிக்குப் பாரணைக்கு உட்கார்ந்தவர் பாதியில எழுந்துட்டார். இதை அவன்கிட்ட சொல்லாம விட்டுட்டேனே, அவன் இன்னிக்கும் சாப்பிடாம இருப்பானேன்னு ஒரே புலம்பல்."

என் எதிரில் இலையும் சாதமும் இருந்தன. கை போகவில்லை. முந்தின சனிக்கிழமை மாமி வார்த்த அடை ஞாபகத்துக்கு வந்தது. வெல்லமும் வெண்ணெயும் வைத்து, சுடச்சுட மூன்று அடை தின்றிருந்தேன். அந்த நேரத்தில் அப்பா இங்கே தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பார். நான் அடை தின்ற சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் படுத்திருப்பார்.

சாயங்காலம் கோயில் நடை சாத்திவிட்டு அப்பா வந்தார். இளைத்திருந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அப்பா, அங்கே எனக்குச் சனிக்கிழமை பலகாரம் கிடைக்கறது. புதன்கிழமை வீட்டு மாமிதான் கூப்பிட்டுப் போடறா. ஆவணி துவாதசியிலேர்ந்து."

அப்பா மேல்துண்டை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, "என்ன பலகாரம்?" என்று கேட்டார்.

"உப்புமா. சில நாள் அடை."

"அடைக்கு வெல்லம் வெச்சாளா?"

"வெச்சா. வெண்ணெயும் வெச்சா."

"துவாதசி அன்னிக்கு?"

"அகத்திக்கீரையோட பாரணை."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு நிம்மதியை நான் அவர் முகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, என் உத்தியோக ஆர்டர் வந்த அன்றும் பார்த்ததில்லை. இனிமேல் நீங்களும் சாப்பிடலாமே என்றேன். "பெருமாள்கிட்ட சொன்னது சொன்னதுதான்," என்று எழுந்து போய்விட்டார். நான் படித்து முடித்து, வேலைக்கு வந்து, மாதம் தவறாமல் பணம் அனுப்ப ஆரம்பித்த பிறகும் அவர் அந்தச் சனிக்கிழமையை விடவில்லை. சாகிற வரைக்கும் விடவில்லை.

அந்த மாமி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நானும் ரிடையராகிவிட்டேன். போன மாதம் என் மகன், தன் பெண்ணைக் காலேஜில் சேர்க்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். உதவித்தொகை இவ்வளவு, ஹாஸ்டலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழித்துவிட்டு, எல்லாம் சரியாக வருகிறது அப்பா என்று சந்தோஷமாக என்னிடம் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். ஆனால் கல்லூரிச் செலவு சரியாக வருகிறது என்று யார் சொன்னாலும், அந்த வீட்டில் சனிக்கிழமை யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று கேட்கத்தான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.